பழைய பிரிட்டிஷ் படங்களும் டிவியும்: ஒரு வாரம் இருந்தால் எதைப் பார்க்கலாம்?

கேள்வி: அடுத்த வாரம் முழுக்க விடுமுறை. ராத்திரியில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார முடியும். பழைய பிரிட்டிஷ் படங்கள், அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சிகள் இரண்டையும் பார்க்க ஆசை. ஹாலிவுட் பழகியவன், இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்:

‘சிறந்த நூறு’ பட்டியலில் மட்டும் தொடங்காதீர்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1999-இல் அப்படியொரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் ‘தி தேர்ட் மேன்’. நல்ல படம்தான், மறுப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் உச்சியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கப் பார்த்த நண்பர்கள் எனக்கு உண்டு. புதன்கிழமைக்கு மேல் யாரும் தாண்டவில்லை. ஒவ்வொரு படமும் தனித்தனி மலையாக நிற்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கால் வலிக்கும்.

என் வழி வேறு. இயக்குநரை விடுங்கள், கதாநாயகனையும் விடுங்கள். குணச்சித்திர நடிகர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் திரையில் ஒரே முகங்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தன. அதற்குக் காரணம் ஊர் அமைப்பு. ஹாலிவுட்டுக்கும் நியூயார்க் நாடக மேடைக்கும் நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது. பிரிட்டனிலோ டென்ஹாம், பைன்வுட், ஷெப்பர்டன், ஈலிங் என்று பெரிய ஸ்டுடியோக்கள் லண்டனைச் சுற்றியே இருந்தன. பகலில் படப்பிடிப்பு, சாயங்காலம் கார் ஏறி லண்டனின் நாடகப் பேட்டையான வெஸ்ட் எண்டில் நாடகம் என்று ஒரே நடிகர் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு டிவி வந்தது. அதுவும் அதே லண்டனில். 1946-இல் பிரிட்டனில் விற்ற சினிமா டிக்கெட் சுமார் 160 கோடி. மக்கள்தொகையோ 5 கோடிக்கும் குறைவு. 1960-இல் அது சுமார் 50 கோடியாகச் சரிந்துவிட்டது. கூட்டம் வீட்டுக்குள் போனதும் நடிகர்களும் பின்னாலேயே போனார்கள். ஈலிங் ஸ்டுடியோவையே 1955-இல் பிபிசி வாங்கிக்கொண்டது. அதனால்தான் படத்தையும் டிவியையும் பிரிக்காமல் பார்க்கச் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். 1940-களின் மேல்தட்டுப் பேச்சு வாயைத் திறக்காமலே பேசுவது. தொழிற்சாலை நகரமான நாட்டிங்ஹாமின் பேச்சோ வேறு மொழி. இணையத்தில் மங்கலான பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன, சீர்செய்த பிரதி கிடைக்கும்வரை தேடுங்கள்.

திங்கட்கிழமை ‘தி தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ (1935). ஹிட்ச்காக் அமெரிக்கா போவதற்கு முன் எடுத்தது, 86 நிமிடம். செய்யாத கொலைக்காகத் துரத்தப்படும் ஒருவன் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறான். கைவிலங்கில் அவனோடு மாட்டிக்கொள்ளும் பெண், எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் ஞாபகசக்திக்காரர் எல்லாம் பிரபலம். நீங்கள் கவனிக்க வேண்டியது நடுவில் வரும் பத்து நிமிடம். ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டு ஒரு குடியானவன் வீட்டுக்கு நாயகன் போகிறான். வீட்டுக்காரன் கஞ்சன், சந்தேகப் பிராணி, வாயில் எப்போதும் கடவுள். மனைவி அவனைவிட ரொம்ப இளையவள், நகரத்திலிருந்து வந்து இந்தக் குன்றில் மாட்டிக்கொண்டவள். புருஷன் வெளியே போனதும் அவள் நாயகனிடம் கேட்பாள்: லண்டனில் பெண்களெல்லாம் கால் நகத்துக்குச் சாயம் பூசுவார்களாமே, நிஜமா? அந்த ஒரு கேள்வியில் அவள் வாழ்க்கை முழுக்கத் தெரிந்துவிடும். குடியானவனாக நடித்தவர் ஜான் லாரி. மனைவியாக வந்தவர் பெகி ஆஷ்கிராஃப்ட். இரண்டு முகத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாரி சனிக்கிழமை திரும்ப வருவார், ஆஷ்கிராஃப்ட் ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கே ‘நைட் மெயில்’ (1936) பாருங்கள், 25 நிமிடம்கூட இல்லை. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் தபால் ரயிலைப் பற்றி அஞ்சல் துறையின் படப்பிரிவே எடுத்தது. ஓடுகிற ரயில் நிற்காமலே, பாதையோரம் தொங்கும் தபால் பையை வலையில் பிடித்துக்கொண்டு போகும். கடைசியில் டபிள்யூ. எச். ஆடன் எழுதிய கவிதை சக்கரத்தின் தாளத்துக்கே ஓடும். கடிதம் பிரிக்கும் பெட்டி மட்டும் ஸ்டுடியோ செட். அசையாத பெட்டிக்குள் நின்றுகொண்டு தபால்காரர்கள் ரயில் குலுங்குவதுபோல ஆடியிருக்கிறார்கள். வீட்டில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் பிரிவு) வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் பிடிக்கும். இயக்கிய இருவரில் ஒருவரான பேசில் ரைட், அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் இலங்கைத் தேயிலை விளம்பரத்துக்கான பணத்தில் ‘சாங் ஆஃப் சிலோன்’ எடுத்தவர்.

செவ்வாய் ‘பிரீஃப் என்கவுன்டர்’ (1945). கல்யாணமான ஒரு பெண், கல்யாணமான ஒரு டாக்டர், வியாழன்தோறும் ரயில் நிலைய டீக்கடையில் சந்திப்பு. அவ்வளவுதான் கதை. டேவிட் லீன் இதை எடுத்தபோது யுத்தம் முடியவில்லை. லண்டன் பக்கத்தில் ராத்திரி விளக்குப் போட்டுப் படம் எடுக்க முடியாது என்பதால் லங்காஷயரில் கார்ன்ஃபோர்த் என்ற நிலையத்துக்குப் போனார்கள். விமானத் தாக்குதல் என்று சேதி வந்தாலும் விளக்கை அணைக்க அங்கே அவகாசம் இருந்தது. இருட்டு, புகை, சீறிக்கொண்டு போகும் எக்ஸ்பிரஸ் எல்லாம் அப்படிக் கிடைத்தவை.

எல்லோரும் நாயகி சீலியா ஜான்சனின் கண்களைப் பற்றிப் பேசுவார்கள், நியாயம்தான். நீங்கள் கொஞ்சம் கல்லாப் பக்கமும் பாருங்கள். டீக்கடை அம்மாளிடம் வழியும் ரயில்வேக்காரராக ஸ்டான்லி ஹாலோவே வருவார். நடுத்தர வர்க்கத்துக் காதல் ஒரு மேஜையில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது, தொழிலாளிக் காதல் கல்லாவுக்கு எதிரே சத்தமாக, சிரிப்பாக நடக்கும். முன்னது சோகமாம், பின்னது காமெடியாம். இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று உறுத்தினால் நல்லது. அந்த உறுத்தலோடு ஞாயிறுவரை வாருங்கள்.

மனம் கனத்துப்போயிருந்தால் டோனி ஹான்காக்கின் ‘தி ப்ளட் டோனர்’ (பிபிசி, 1961). ரத்த தானம் செய்ய வந்த ஒரு அலட்டல் பேர்வழி. சோதனைக்காக விரலில் குத்தி எடுத்த சொட்டையே முழு தானம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் திகைத்துப்போய், அது கிட்டத்தட்ட ஒரு முழுக் கைக்குள் இருக்கிற ரத்தம் ஆயிற்றே என்பார். பிரிட்டனில் இன்றும் பழமொழி மாதிரி சொல்லப்படும் வசனம். இதற்குச் சில நாள் முன்னால் ஹான்காக் ஒரு கார் விபத்தில் மாட்டினார். வசனம் மனப்பாடம் செய்ய முடியவில்லை, கேமரா பக்கத்தில் எழுதிவைத்ததைப் படித்தே நடித்தார். தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் கண் எதிராளியைத் தாண்டி வேறெங்கோ போவது புரியும். அப்படியும் சிரிப்பு குறையவில்லை.

புதன் இந்த வாரத்தின் நடுத்தூண்: ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ (1949), ஈலிங் ஸ்டுடியோ, இயக்கம் ராபர்ட் ஹேமர். பிரபு குடும்பத்துப் பெண் ஒருத்தி இத்தாலியப் பாடகனைக் கட்டிக்கொண்டதால் ஒதுக்கிவைக்கப்படுகிறாள். அவள் மகன், தனக்கும் பிரபுப் பட்டத்துக்கும் நடுவில் நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். அதையும் மிக மரியாதையாக, அழகான ஆங்கிலத்தில் நமக்கே கதை சொல்லிக்கொண்டு. சாகும் எட்டுப் பேரும் அலெக் கின்னஸ். பாதிரியார், தளபதி, கப்பலோடு சல்யூட் அடித்தபடி மூழ்கும் அட்மிரல், பலூனில் போய் அம்பு பட்டு விழும் பெண்ணுரிமைப் போராளி அம்மையார் எல்லாம் அவரே. அவரிடம் முதலில் நாலு வேடம்தான் பேசினார்கள். திரைக்கதையைப் படித்துச் சிரித்துவிட்டு, ஏன் நாலு, எட்டாகவே கொடுங்கள் என்று தந்தி அடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

தேவாலயக் காட்சியில் ஆறு கின்னஸ்கள் ஒரே சட்டகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம் கேமராவை அசையாமல் கட்டிப்போட்டு, சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்து ஒரு கின்னஸைப் பதிந்து, அதே ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அடுத்த வேஷம் போட்டு வந்ததும் அடுத்த பகுதியைத் திறந்து பதிந்தார். யாராவது இடித்துவிட்டால் எல்லாம் பாழ். மனிதர் கேமரா பக்கத்திலேயே தூங்கினார்.

கடைசி நிமிடத்தில் சிறை வாசலில் ஒரு பத்திரிகைக்காரர் வந்து நாயகனிடம் ஒரு கேள்வி கேட்பார். மொத்தப் படமும் அந்தக் கேள்வியில்தான் கவிழும், அதனால் என்ன கேள்வி என்று சொல்ல மாட்டேன். கேட்பவர் முகத்தைப் பார்த்துவையுங்கள்: ஆர்தர் லோவ். அன்றைக்கு ஊர் பேர் தெரியாத நடிகர். எச்சரிக்கை ஒன்று, நாயகன் சொல்லும் ஒரு குழந்தைப் பாட்டில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் இருக்கிறது. அமெரிக்கப் பிரதியில் அப்போதே மாற்றிவிட்டார்கள். கேட்டால் சுருக்கென்றிருக்கும், இருக்கட்டும்.

வியாழன் முழுக்க டிவிதான். பிபிசி 1954 டிசம்பரில் ஒளிபரப்பிய ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’. குடிமக்களை ஓயாமல் கண்காணிக்கும் சர்வாதிகார ஆட்சியைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல் நாவலை நைஜல் நீல் நாடகமாக்கினார். இயக்கியவர் வியன்னாவில் பிறந்த ருடால்ஃப் கார்ட்டியர். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், நேரலை. ஒரு செட்டில் பேசி முடித்த நடிகர் அடுத்த செட்டுக்கு ஓட வேண்டும், சட்டை மாற்ற வேண்டும். அந்த இடைவெளிக்காகவே முன்கூட்டி எடுத்த ஃபிலிம் துண்டுகளை நடுவில் ஓட்டினார்கள். நாயகன் பீட்டர் குஷிங். அவரை வதைக்கும் அதிகாரி ஆந்த்ரே மோரல். சத்தம் போடாமல், பள்ளிக்கூட வாத்தியார் பாடம் நடத்துவதுபோலச் சித்திரவதை செய்வார். பயங்கரமாக இருக்கிறது என்று நாடாளுமன்றம்வரை ரகளை ஆயிற்று. அப்படியும் நாலு நாள் கழித்து எல்லோரும் மறுபடி வந்து முழு நாடகத்தையும் மறுபடி நேரலையில் நடித்தார்கள். அன்றைக்கு மறு ஒளிபரப்பு என்றால் அதுதான் அர்த்தம்! அந்த இரண்டாவது நடிப்பை, டிவி திரைக்கு முன் ஃபிலிம் கேமரா வைத்துப் பதிந்ததால்தான் இன்று நம் கையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நீல், கார்ட்டியர் இருவரின் ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ (1953) என்ற அறிவியல் புனைகதைத் தொடர் ஆறு பகுதி. முதல் இரண்டுதான் இருக்கின்றன. வீடியோ டேப் வந்த பிறகும் நிலைமை சீராகவில்லை, ஒரு விதத்தில் மோசமானது. இரண்டு அங்குல டேப் விலை அதிகம், அழித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு. வண்ணம் வந்ததும் கறுப்பு வெள்ளையை யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. 1970-களின் கடைசிவரை அழித்துக்கொண்டே இருந்தார்கள். மனிதன் நிலவில் இறங்கிய இரவின் பிபிசி ஒளிபரப்பே போய்விட்டது. ‘டாக்டர் ஹூ’ என்ற காலப்பயணத் தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் காணாமல் போயின. ஆனால் ஒலி மட்டும் ஒன்றுவிடாமல் இருக்கிறது, ஏனென்றால் ரசிகப் பிள்ளைகள் அவரவர் வீட்டு டிவியின் ஒலியை டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்திருந்தார்கள். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள் அவ்வப்போது கிடைப்பதுண்டு. நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது பகுதிகளை 2013-இல் அறிவித்தார்கள்.

மோரலைப் பிடித்துப்போயிருந்தால் ‘குவாட்டர்மாஸ் அண்ட் த பிட்’ (1958–59) முழுதாக இருக்கிறது, அவர்தான் அதில் விஞ்ஞானி. இன்னொரு துணுக்கு: புதன்கிழமைப் படத்தில் சிபெல்லாவாக வந்த ஜோன் கிரீன்வுட்டை மோரல் 1960-இல் மணந்தார். நம் வாரத்துக்குள்ளேயே ஒரு கல்யாணமும் ஆயிற்று.

வெள்ளி ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ (1957). 161 நிமிடம், அதனால் டிவி வேண்டாம். அமெரிக்கப் பணம், பிரிட்டிஷ் இயக்குநர், படப்பிடிப்பு இலங்கையில் கித்துல்கல அருகே களனி ஆற்றில். செவ்வாயன்று டீக்கடைக்குள் முணுமுணுத்த அதே டேவிட் லீன், காட்டுக்குள் நிஜப் பாலம் கட்டி, நிஜ ரயிலோடு தகர்க்கிறார். அலெக் கின்னஸ் இங்கே ஒரே ஒரு வேடம்: ஜப்பானியரின் கைதியாக இருந்துகொண்டு, எதிரிக்காகவே உலகத்தரமான பாலம் கட்டித் தர முனையும் கர்னல். தண்டனையாக அடைத்துவைத்த தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்து அவர் நடக்கும் நடை, போலியோவிலிருந்து மீண்ட தன் மகனின் நடையைப் பார்த்து எடுத்துக்கொண்டது. வியாழக்கிழமை வதைத்த மோரல் இங்கே பிரிட்டிஷ் அதிகாரியாக வருவார்.

நடிப்பைப் பற்றி எவ்வளவும் பேசலாம், ஆனால் தமிழர்கள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் சொல்வது, படத்தின் பாலம் நிற்கும், சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே ஜப்பானியர் போட்ட ரயில் பாதையைத்தான். 1942–43-இல், சுமார் 415 கிலோமீட்டர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள் இறந்த கணக்கு அதைப்போல் பல மடங்கு. கைதிகளுக்காவது ராணுவ மருத்துவர்கள் கூட இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் காலரா வந்தபோது கேட்க நாதியில்லை. படத்தின் கதைக்குள் அவர்கள் இல்லவே இல்லை. பாலம் யாருடைய கௌரவம் என்று பிரிட்டிஷ் கர்னலும் ஜப்பானியக் கர்னலும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அற்புதமான சண்டை. அதை ரசித்துக்கொண்டே இல்லாதவர்களையும் நினைத்துக்கொள்ள நம்மால்தான் முடியும்.

சனிக்கிழமை இலகுவாகப் போகட்டும். ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதல் பகுதி சனிக்கிழமை மாலையில்தான், 1963 நவம்பர் 23-இல் வந்தது. கென்னடி சுடப்பட்ட மறுநாள். 25 நிமிடம். இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். டாக்டராக வரும் வில்லியம் ஹார்ட்னெல் அதுவரை ரவுடியாகவும் சார்ஜெண்டாகவும் வந்து அலுத்துப்போனவர். முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மூன்றில் குகை மனிதர்கள் நெருப்புக்குச் சண்டை போடுவது மட்டும்தான்.

பிறகு ‘டாட்ஸ் ஆர்மி’ (1968–77). யுத்த காலத்தில் ஊர்க்காவல் படையில் சேர்ந்த கிழவர்கள். படைத் தலைவர் வங்கி மேலாளர் மெய்ன்வாரிங், யாரென்று தெரிகிறதா? சிறை வாசல் பத்திரிகைக்காரர், ஆர்தர் லோவ். அழிந்தோம் தொலைந்தோம் என்று கண்ணை உருட்டும் ஸ்காட்லாந்துக் கிழவர், திங்கட்கிழமைக் குடியானவன் ஜான் லாரி. முப்பது சொச்சம் ஆண்டுக்குப் பிறகும் அதே புருவம். சாது கிழவர் காட்ஃப்ரியாக வரும் ஆர்னல்ட் ரிட்லி முதல் உலக யுத்தத்தில் சோம் போரில் நிஜமாகவே காயம்பட்டவர். எங்கே தொடங்குவது என்றால் ‘த டெட்லி அட்டாச்மென்ட்’ (1973). பிடிபட்ட ஜெர்மன் கப்பல் கேப்டன், ஜெயித்த பிறகு பழிவாங்க ஒரு பெயர்ப் பட்டியல் எழுதுகிறான். கிண்டல் பாட்டுப் பாடிய பையனிடம் உன் பெயர் என்ன என்று கேட்கிறான். மெய்ன்வாரிங் பதறிப்போய்க் கத்துகிறார்: “சொல்லாதே, பைக்!” பைக் என்பதுதான் பையனின் பெயர்.

மெய்ன்வாரிங்கின் உண்மையான எதிரி ஜெர்மன்காரன் இல்லை, தனக்குக் கீழே வேலை பார்க்கும் வில்சன். வில்சன் பெரிய இடத்துப் பையன், பணக்காரப் பள்ளியில் படித்தவன், குரலிலேயே அது தெரியும். மேலாளர் நாற்காலி கிடைத்தும் மெய்ன்வாரிங்குக்கு அந்தக் குரல் வாய்க்கவில்லை. எண்பது பகுதியும் ஓடியது இந்தப் பொறாமையில்தான். இதே எழுத்தாளர்களின் இந்தியாவில் நடக்கும் தொடர் ஒன்றும் உண்டு. வெள்ளைக்கார நடிகர் முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு வருவார். நான் சிபாரிசு செய்யவில்லை.

ஞாயிறு மதியம் ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ (1960). ஆறு நாளாகத் தொழிலாளி என்றால் ஓரத்தில் நின்று சிரிக்கவைப்பவர் என்றே பார்த்து வந்திருப்பீர்கள். இதில் கேமரா நேராக லேத் மெஷின் முன்னால் போய் நிற்கும். நாட்டிங்ஹாமின் ராலே தொழிற்சாலை. நம் தாத்தாக்கள் ஓட்டிய அதே ராலே சைக்கிள்தான். ஆல்பர்ட் ஃபின்னி கதாநாயகன். யாருக்கும் அடங்காதவன், பொய்யன், அடுத்தவன் மனைவியோடு பழகுகிறவன். அவனை நல்லவனாக்கவும் இல்லை, கோமாளியாக்கவும் இல்லை. மேல்தட்டு முகமும் இல்லை, மேல்தட்டு உச்சரிப்பும் இல்லை. செவ்வாயன்று கல்லாவுக்கு எதிரே நின்றவர் நடு மேஜைக்கு வந்து உட்கார பதினைந்து ஆண்டு ஆயிருக்கிறது.

ராத்திரி ‘த ஜுவல் இன் த கிரௌன்’ (1984). கிரானடா டிவி, பதினாலு பகுதி, இந்தியாவில் வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகள். ஒரே ஞாயிறில் முடியாது. முதல் பகுதியைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை அடுத்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில பகுதி தாண்டிய பிறகு பார்பி என்ற ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியை வருவாள். தனிக்கட்டை, ஓயாமல் பேசுகிறவள், யாருடைய வீட்டிலும் பொருந்தாதவள். அதுதான் பெகி ஆஷ்கிராஃப்ட். அதே 1984-இல் டேவிட் லீனின் ‘எ பாசேஜ் டு இண்டியா’ படத்திலும் நடித்து ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படத்தில் அலெக் கின்னஸ் முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு இந்துப் பேராசிரியராக வருவதைப் பார்த்தால் எட்டு வேடம் போட்டவருக்கு இந்த ஒன்பதாவது எதற்கு என்று தோன்றும். அதனால்தான் படத்தை விட்டுத் தொடரைச் சொல்கிறேன்.

பார்பி வரும் பகுதியை எட்டியதும் திங்கட்கிழமைப் படத்தை எடுத்து அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். நடுவில் 49 ஆண்டு. கால் நகச் சாயத்தைப் பற்றிக் கேட்டவளும் இவளும் எதிராளியை நிமிர்ந்து பார்க்கும் விதம் ஒன்றேதான், கேட்டது தப்போ என்று உடனே பின்வாங்கும் விதமும்.